அவசரம் என்றொரு பெட்டி

நேற்று ஈப்போ புந்தோங்கில் சரஸ்வதி அக்காவை எடுத்தார்கள். முந்தாநாள் காலையில் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது கைப்பேசிக்குச் சேதி வந்தது. அக்காவின் படம், வீட்டு முகவரி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம், கீழே கும்பிட்ட கைகள். மீனை நிறுவையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். நேற்றுப் போய் முகம் பார்த்தேன், கொஞ்ச நேரம் வெளியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், வந்து தலை முழுகினேன். முறைப்படி எல்லாம் நடந்தது.

இன்று காலை என் மனைவி கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"என்னங்க, அந்தக்கா சேதி இன்னும் இருக்கு. எடுத்து முடிஞ்சிருச்சில்ல, அழிச்சி விடுங்கலா. மேல போய்ப் பாத்தா போன வருசம் செத்தவங்க, அதுக்கு முந்துன வருசம் செத்தவங்க, எல்லாரும் இங்கதான் குடியிருக்காங்க. இது என்ன, கைப்பேசியா, சுடுகாடா?"

"இருக்கட்டும்" என்றேன்.

அவள் சொல்வதில் தப்பில்லை. உங்கள் வீட்டிலும் இந்தப் பழக்கம் இருந்திருக்கும். சாவுச் சேதி எழுதிய காகிதம் வீட்டுக்குள் தங்கக் கூடாது. கருமாதிக் கடிதம் வந்தால் வாசலில் நின்றே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கல்யாணப் பத்திரிகை மட்டும் சுவரில் ஆணியடித்து, மாப்பிள்ளைக்குப் பிள்ளை பிறந்த பிறகும் தொங்கிக்கொண்டிருக்கும். நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் எனக்கு அழிக்கக் கை வருவதில்லை. ஏன் என்று மனைவியிடம் சொன்னால் அழுதுவிடுவேன் என்ற பயத்தில் சொல்லாமல் இருக்கிறேன். உங்களிடம் சொல்கிறேன்.

அதற்கு உங்களை ஈப்போவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிக்குக் கூட்டிப் போக வேண்டும். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடிக்கும். அந்தக் குளிரோடு ஒரு வாசனை வரும்: சூடேறிய மை நாடாவும் புதுக் காகிதமும் கலந்தது. இப்போதும் ஏதாவது மருந்துக் கடையில் பழைய அச்சு இயந்திரம் கரகரவென்று ரசீது அடித்தால் அந்த வாசனை வந்துவிடும். மருந்தை மறந்துவிட்டு நிற்பேன். கடைப்பெண் இரண்டு தரம் கூப்பிடுவாள்.

அது தோட்டங்களை நிர்வகித்த ஒரு கம்பெனியின் அலுவலகம். பெயர் வேண்டாம், அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. எழுபதுகளின் கடைசியில், பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு டெலக்ஸ் அடிக்கும் வேலைக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். கம்பெனிக் காகிதங்களில் அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்களுக்கு அது சின்னாத்துத் தோட்டம். அப்பா முத்தையா அங்கே பால்மரம் சீவினார். அம்மா நான் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டாள். தங்கச்சி பார்வதி கல்யாணம் ஆன பிறகும் அப்பாவை விட்டுப் போகாமல், புருஷனோடு தோட்டத்து வரிசை வீடான அதே லயத்தில் இருந்தாள். குடும்பத்திலேயே முதல் முதலாகக் காலில் சப்பாத்து போட்டு வேலைக்குப் போனவன் நான்தான். அந்தச் சப்பாத்து கடித்துப் புண்ணாகி, முதல் மாதம் முழுக்க மேசைக்கடியில் வெறுங்காலோடுதான் டெலக்ஸ் அடித்தேன் என்பது வேறு கதை.

சரஸ்வதி அக்கா எனக்கு மூத்தவர். எனக்கு வேலை பழக்கியதும் அவர்தான், மத்தியானம் சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளியதும் அவர்தான். பெரிய பொட்டு, இறுக்கமான கொண்டை. எந்த மெஷினைப் பார்த்தும் பயம் கிடையாது. சகுனம், தீட்டு என்றால் மட்டும் பயம். எட்டு மணிக்கு முன்னால் ஒற்றைத் தும்மல் கேட்டால் கொஞ்ச நேரம் எந்த டெலக்ஸும் போகாது.

எண்பதுகளின் பின்பாதியில் டெலக்ஸை ஓரம் கட்டிவிட்டுக் கணினியைக் கொண்டுவந்தார்கள். கணினி என்றால் உண்மையான கணினி கோலாலம்பூரில் இருந்தது. எங்களிடம் இருந்தது கறுப்புத் திரையும் அதில் ஓடும் பச்சை எழுத்தும்தான். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. ஒரு சொல்லை அடித்துத் தட்டினால் கடிதம் திறக்கும், இன்னொரு சொல்லைத் தட்டினால் அடுத்தது வரும். தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் எல்லாம் போய்வரும். தாப்பா, பாகான் டத்தோ, தஞ்சோங் மாலிம் ஆகிய ஊர்களில் இருந்த கிளை அலுவலகங்களுக்கும் ஒவ்வொரு திரை வந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒரு சீன எஞ்சினியர் வந்து எனக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். ஏன் எனக்கு மட்டும் என்றால், அன்றைக்கு மற்றவர்கள் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

அப்படித்தான் நான் பெட்டி வைக்கிறவன் ஆனேன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் கணினிக்குள் ஒரு தபால் பெட்டி. பெட்டிக்குள் உரத்துக்கு ஓர் அறை, லோரிக்கு ஓர் அறை, ஆள் கணக்குக்கு ஓர் அறை. லீவில் வீட்டுக்குப் போனபோது பார்வதி கேட்டாள், "அத்தன பொட்டிய எங்கண்ணே அடுக்கி வப்ப?" அதெல்லாம் இல்லாத பெட்டி என்று விளக்கினேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இல்லாத பொட்டிக்கு இவனுக்குச் சம்பளமும் குடுக்கிறான் பாரு" என்றார். இருமலோடு சேர்ந்துதான் சிரிப்பு வரும் அவருக்கு. அப்போதே அந்த இருமல் இருந்தது.

எனக்கு அந்த வேலையில் ரொம்பப் பிடித்தது தேடல்தான். பெட்டிக்குள் எந்தப் பெயரைக் கொடுத்தாலும், அந்தப் பெயர் வந்த கடிதங்களை எல்லாம் கணினி பொறுக்கிக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தும். இல்லையென்றால் 'எதுவும் இல்லை' என்று ஒரே வரி. கோப்பு அறையில் தூசியில் தும்மித் தும்மித் தேடியவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? மேனேஜர் ஏதாவது கேட்டால், "இருக்கு சார்", "இல்ல சார்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வேன். எனக்கு ஒரு மிதப்பே வந்துவிட்டது. கணினியே இல்லையென்று சொல்லிவிட்டால் இல்லைதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அச்சடிப்பது தனிக் கூத்து. மேனேஜர் திரையில் படிக்க மாட்டார். எல்லாமே காகிதத்தில் வர வேண்டும். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதம், நிற்காமல் மடிந்து மடிந்து விழும். அதைக் கிழித்துப் பிரித்து, மரத் தட்டுகளில் தோட்டவாரியாகப் போடுவோம். காலையில் டிரைவர் ஆரோக்கியம் அண்ணே வேனில் எடுத்துக்கொண்டு போவார். கிழித்த ஓரங்களையும் அவர்தான் வாங்கிக்கொள்வார். கிறிஸ்மஸ் வந்தால் அவர் வீட்டுப் பிள்ளைகள் அந்த ஓட்டைக் காகிதத்தில்தான் தோரணம் கட்டுவார்கள்.

சாவுச் சேதி இதற்குள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் சனத்துக்கு முகம் பார்ப்பதுதான் பெரிது. பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள்கூட முகம் பார்க்க வந்துவிடுவார்கள். ஆனால் தோட்டத்தில் பிணத்தை வைத்திருக்க வசதி கிடையாது, காலையில் போனால் அன்று இருட்டுவதற்குள், பொழுது சாய்ந்து போனால் மறுநாள் எடுத்துவிட வேண்டும். சொந்தக்காரர்களோ ஆளுக்கொரு தோட்டத்தில் சிதறிக் கிடப்பார்கள். தொலைபேசி தோட்ட ஆபீசில் மட்டும்தான், அதுவும் மழை பெய்தால் செத்துவிடும். நான் பிள்ளையாக இருந்த நாளில் ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்வார். அவர் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் இங்கே காரியம் முடிந்திருக்கும்.

ஒருநாள் பாகான் டத்தோ கிளையிலிருந்து தேங்காய்க் கணக்கு வந்தது. அதன் அடியில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி: இன்ன தோட்டத்து முனியாண்டிக்கு அண்ணன் தவறிவிட்டார், நாளை அடக்கம், தயவுசெய்து சொல்லி அனுப்பவும். அச்சடித்து ஆரோக்கியம் அண்ணேயிடம் கொடுத்தேன். அவர் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் கொடுக்க, கிராணி காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்தில், உரக்கப் படித்தார். முனியாண்டி அப்படியே வெட்டுக்கத்தியைப் போட்டுவிட்டு வேனிலேயே ஏறிவிட்டார். முகம் பார்த்துவிட்டார். பிறகு ஒரு நாள் ஒரு தார் பிசாங் வாழைப்பழத்தோடு மாடிக்கு வந்து, யாருக்குக் கும்பிடு போடுவது என்று தெரியாமல் கணினியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதற்கப்புறம் எல்லாக் கிளையிலிருந்தும் வர ஆரம்பித்துவிட்டது. நான் அதற்கென்று தனியாக ஒரு பெட்டியே வைத்தேன். சாவு என்று பெயர் வைக்கப் போனபோது அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பேர வக்காதடா. வாசல்ல எழுதி வச்ச மாதிரி இருக்கும்லா. அவசரம்னு வை."

அவசரம் என்றே வைத்தேன். அது என்ன பெட்டி என்று மேனேஜர் ஒரு தரம் கேட்டார். "அர்ஜென்ட், சார்" என்றேன். உண்மைதானே?

அந்தப் பெட்டிக்கு அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். சேதியை அச்சடித்து வேனில் ஏற்றின மறு நிமிடம், கணினியில் இருப்பதை அழித்துவிடுவார். தோட்டத்தில் கிராணியும் படித்து முடித்துக் காகிதத்தைக் கிழித்துவிடுவார். "எழவு சேதிய உள்ளுக்குள்ள வச்சிருக்கக் கூடாது. நாம சோறு திங்கிற எடம்லா இது." அழித்த கையோடு போய்க் கையைக் கழுவிவிட்டு வருவார். நான் கேலி செய்வேன், "அக்கா, மெஷினையும் பைப்புக்கடியில காட்டித் தல முழுக விடுங்க" என்று. தலையில் ஒரு குட்டு வைப்பார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எத்தனை சாவு அந்தப் பெட்டி வழியாகப் போனதோ தெரியாது. எப்போது திறந்தாலும் அவசரம் மட்டும் துடைத்து வைத்தாற்போல் காலியாக இருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் ஆட்கள் சாவை நேராகச் சொல்ல மாட்டார்கள். அப்பா செத்திருந்தால் 'கொஞ்சம் முடியல, வந்து பாத்துட்டுப் போ' என்பார்கள். வழியில் அழுதுகொண்டு போகக் கூடாது, வீட்டு வாசலுக்கு வந்து தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு கரிசனம். ஆனால் கணினியில் அந்தப் பழக்கம் மெல்ல விட்டுப்போனது. முன்பின் தெரியாத ஆளுக்கு அடிக்கிற வரி என்பதால் எல்லாரும் நேராகவே அடித்தார்கள். இறந்துவிட்டார், நாளை அடக்கம், அவ்வளவுதான். பச்சை எழுத்தில் வருவதெல்லாம் உள்ளது உள்ளபடி என்று எனக்கு மனதில் பதிந்துவிட்டது.

ஒரு தடவை தஞ்சோங் மாலிம் கிளையில் பெட்டிகள் வைத்துக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். ஊருக்குச் சொல்லிவிட்டுப் போக நேரமில்லை. பார்வதிக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் ஈப்போ ஆபீசில் இருக்கிறான் என்பதுதான். கிளை சின்னது, ஒரே ஒரு தொலைபேசிக் கம்பி. கணினியை இணைத்துவிட்டால் தொலைபேசி வேலை செய்யாது, வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு 'எங்கேஜ்' சத்தம்தான் கேட்கும். நான் காலையில் இணைத்தவன் இணைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை.

அன்று காலைதான் அப்பா போய்விட்டார். காலையில் வரக்கோப்பி குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பார்வதியின் புருஷன் தோட்ட ஆபீசுக்கு ஓடினார். கிராணி தாப்பா கிளைக்குப் போன் செய்தார். தாப்பாவிலிருந்து ஈப்போவுக்கு, அவசரம் பெட்டிக்குள், சேதி வந்து விழுந்தது. நான் பெட்டி வைத்துக் கொடுத்த அதே வழியில்தான், எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது.

அக்கா படித்தார். ஆரோக்கியம் அண்ணே பாகான் டத்தோவுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் வேனை நேராக தஞ்சோங் மாலிமுக்கு விட்டு என்னை அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருப்பார். அக்கா எனக்குப் போன் போட்டார். எங்கேஜ். திரும்பத் திரும்பப் போட்டார். எங்கேஜ். கடைசியில் கணினி முன்னால் உட்கார்ந்தார். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் நேராகச் சேதி சொன்னவருக்கு எனக்குச் சொல்ல மட்டும் கை வரவில்லை. எனக்கு வந்த கடிதம் இதுதான்:

"தம்பி, அப்பாவுக்கு ஒடம்பு கொஞ்சம் சொகமில்லியாம். வேலய வச்சிட்டு ஒரு எட்டு வீட்டுக்குப் போய்ட்டு வா. அக்கா."

அடித்து அனுப்பிவிட்டு, தாப்பாவுக்கு 'பிள்ளைக்குச் சொல்லியாச்சு, வருகிறான்' என்று பதில் போட்டார். பிறகு வழக்கம்போல் அவசரம் பெட்டியில் இருந்ததை அழித்தார். போய்க் கையைக் கழுவிக்கொண்டார்.

நான் கடிதத்தைப் படித்தேன். எங்கள் ஆட்கள் எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியாதா? ஆனால் கையில்தான் கணினி இருந்ததே. எந்தக் கிளையிலிருந்தும் எந்தப் பெட்டியையும் திறக்கலாம். தஞ்சோங் மாலிமில் இருந்தபடியே ஈப்போவின் அவசரம் பெட்டியைத் திறந்தேன். காலி. மனம் கேட்காமல் எல்லாப் பெட்டிகளிலும் அப்பா பெயரைக் கொடுத்துத் தேடினேன். எதுவும் இல்லை என்றது. தோட்டத்தின் பெயரைக் கொடுத்தேன். பழைய உரக் கணக்கு ஒன்று வந்தது. அன்றைய தேதியில் ஒன்றும் இல்லை. வேனில் ஏற்றிய பிறகுதான் அக்கா அழிப்பார், வேன் இனி நாளைக் காலைதான் போகும், அதனால் இன்றைக்கு ஏதாவது வந்திருந்தால் பெட்டியிலேயே இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்து நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். வெளியே போய் ஒரு டீ குடித்தேன். அந்த டீயின் ருசிகூட ஞாபகம் இருக்கிறது.

பழைய இருமல்தான், வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அப்படியே செய்தேன். தாப்பாவில் இறங்கி ஆரஞ்சும் ஒரு டின் பிஸ்கட்டும் வாங்கினேன். அப்பாவுக்குக் கோப்பியில் தோய்த்துத் தின்ன பிஸ்கட் பிடிக்கும். கடைக்காரச் சீனர் "சாக்கிட்கா?" என்று கேட்டார், யாருக்காவது உடம்பு முடியவில்லையா என்று. "இருமல் தவுக்கே" என்று சிரித்தேன். தவுக்கே ஒரு ஆரஞ்சு கூடப் போட்டார்.

செம்மண் சடக்குப் பாதையில் நடந்து லயத்தை எட்டும்போது, எதிரே தண்ணிக் குடத்தோடு வந்த ஒரு அம்மா என்னையும் பையையும் பார்த்தார். குடத்தைக் கீழே வைத்தார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் வாரியாய்யா? பழம் வாங்கிக்கிட்டு வாரியாய்யா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் வாழை இலையும் உதிர்ந்த பூவும் மிதிபட்டுக் கிடந்தன. பெஞ்சு கழுவிக் கவிழ்த்திருந்தது. பார்வதி உள்ளே சுருண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"பொட்டியில சேதி போயிருச்சி, புள்ள வாரான்னு கிராணி சொன்னாருண்ணே. அத வச்சித்தான் எல்லாரையும் நிறுத்தி வச்சேன். எடுக்கணும் எடுக்கணும்னாங்க. என் அண்ணன் வராம எடுக்க விடமாட்டேன்னு அப்பா கால்மாட்டுல படுத்துக்கிட்டேன். பஸ் சத்தம் கேக்கிறப்பெல்லாம் வெளிய ஓடி வந்து பாத்தேன். மழ வேற கருக்கிடுச்சி. அப்பா மொகம் மாற ஆரம்பிச்சிடுச்சிண்ணே. அப்புறந்தான் வுட்டேன்."

மகன் உடைக்க வேண்டிய குடத்தைப் பக்கத்து லயத்துப் பங்காளி ஒருவர் உடைத்திருக்கிறார். மச்சான் என்னை இடுகாட்டுக்குக் கூட்டிப் போனார். கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே புதுமண் குவியல், நனைந்து கிடந்தது. மேலே தெளித்த பாலை எறும்பு மொய்த்திருந்தது. தோண்டிக் காட்டுங்கள் என்று மச்சானின் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினேனாம். எனக்கு அது ஞாபகமில்லை, பிறகு சொன்னார்கள்.

அக்கா கருமாதிக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்க முடியாமல் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். நானே போனேன்.

"ஏன்க்கா நேரா அடிக்கல?"

"ஒன்னப் போய் எப்படிடா? தனியா பஸ்ஸுல வாரவன், கேட்டா பாதி வழியில என்ன ஆவியோன்னு... சொகமில்லன்னா ஓடி வந்துருவேன்னு நெனச்சேன்டா."

"பெட்டியில தேடினேன்க்கா. ஒன்னுமே இல்ல."

புரிந்ததும் அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தூக்கி உட்கார வைத்தேன். யாரை என்ன சொல்ல? அன்பாக இருந்ததற்காக ஒருவரைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அந்த மாடியில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில் எத்தனையோ வருடம் உட்கார்ந்திருந்தோம், அவர் சோற்றை என் தட்டில் தள்ளிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அந்தப் பெட்டியை அவர் அதன் பிறகு திறக்கவே இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டேன். எதையும் அழிக்கவில்லை.

அழிக்காமல் வைத்து என்ன ஆனது? தொண்ணூறுகளில் அந்தக் கணினியை நிறுத்திப் புதியது கொண்டுவந்தபோது, பழைய கடிதங்கள் தேவையில்லை என்று மொத்தமாக ஒரே நாளில் துடைத்துவிட்டார்கள். பிறகு கம்பெனியே கைமாறியது. எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சின்னாத்துத் தோட்டத்தில் கித்தாவை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள். லயத்தை இடித்தார்கள். சனம் ஈப்போ, கோலாலம்பூர் என்று தொழிற்சாலைகளைப் பார்த்துப் போய்விட்டது. இப்போது ஓர் எழவென்றால் அந்தத் தோட்டத்துச் சனத்தைக் கூட்ட ஊர் ஊராகத் தேட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் போனேன். இடுகாடு இருந்த மேட்டைச் சமப்படுத்தி ஒரே மாதிரி வீடுகள் கட்டியிருந்தார்கள். எது மேடு, எது பள்ளம் என்றுகூடப் பிடிபடவில்லை. ஒரு வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே இருந்து ஒரு மலாய்ப் பெண் வந்து, "சாரி சியாப்பா, பாக்சிக்?" என்று கேட்டாள். யாரைத் தேடுகிறீர்கள் என்று நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா தனியாகப் படம் பிடித்துக்கொண்டது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அடையாள அட்டைக்காக. சாவைப் பதியப் போனபோது அந்த அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சட்டம் அப்படி. பார்வதியின் கல்யாணப் படம் ஒன்றில் அப்பா இருக்கிறார். பந்தலில் யாருக்கோ பாய் விரித்துக்கொண்டு குனிந்திருக்கிறார், முதுகு மட்டும் தெரிகிறது. அப்பாவின் கால் விரல்கள் எனக்கு நினைவிருக்கின்றன. சட்டையில் காய்ந்த பால் நாற்றம் நினைவிருக்கிறது. இருமல் இப்போதும் காதில் விழும். முகம் மட்டும் வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டே வந்தது. பார்வதி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதையேதான் கேட்பேன், அப்பாவுக்கு மூக்கு எப்படி இருக்கும், மீசை முழுக்க நரைத்திருந்ததா, கடைசியில் கண் மூடியிருந்ததா என்று. அவள் சலிக்காமல் சொல்வாள். சொல்லச் சொல்லக் கொஞ்ச நேரம் முகம் வந்து நிற்கும். போன மழைக்காலத்தில் பார்வதியும் போய்விட்டாள். இனி நான் யாரிடம் கேட்பது?